முள் பாதிக்கு மேல் இருந்தது, ஆக்சிஜன் எங்கே போனது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 71 வயது, நுரையீரல் தழும்பு நோய். மூக்கில் மாட்டிய குழாய் வழியாக நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் போகிறது. ஸ்கேனுக்குக் கிளம்பும்போது சிலிண்டரின் முள் பாதிக்கு மேல் இருந்ததை நானே பார்த்தேன். சுவரிலிருந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டினார்கள். லிஃப்ட்டுக்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. அடுத்த வாரம் ஆம்புலன்ஸில் மதுரைக்கு மாற்ற வேண்டும், நான்கு மணி நேரம் ஆகும். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

பாதி சிலிண்டர் ஐந்து நிமிஷத்தில் தீராது. பெரும்பாலும் அன்று சிலிண்டரின் தலை வால்வை யாரும் திறக்கவில்லை. முந்தைய நோயாளிக்குப் பிறகு வால்வை மூடியவர் ரெகுலேட்டரில் (வால்வில் மாட்டும், அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) மிச்சமிருந்த காற்றை வெளியே விடாமல் போயிருப்பார். அந்தக் கைப்பிடியளவு காற்றுதான் முள்ளைத் தூக்கிப் பிடித்திருந்தது. குழாயை மாட்டியதும் சில விநாடிகளில் அது தீர்ந்துவிட்டது. நீங்கள் கவனித்தது லிஃப்ட்டில்.

அதனால் முள்ளைச் சும்மா பார்க்காதீர்கள். வால்வைச் சாவியால் மெதுவாக முழுதும் திறக்கச் சொல்லுங்கள். ஃப்ளோ மீட்டரில் 4 வைத்துவிட்டு, முள்ளை 10 விநாடி பாருங்கள். அசையாமல் நின்றால் நம்பலாம். சரிந்தால் கிளம்பாதீர்கள். அந்தச் சாவி சிலிண்டரோடு ஒரு கயிற்றில் தொங்க வேண்டும். இது எந்த மருத்துவமனைக்கும் பத்து ரூபாய் வேலை. ஆனாலும் எத்தனை வார்டுகளில் சாவியைத் தேடி மாடிப்படியில் ஓடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சிலிண்டரைக் கட்டிலில் நோயாளியின் கால்களுக்கு நடுவே படுக்க வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ஃப்ளோ மீட்டருக்குள் மிதக்கும் குண்டு நிமிர்ந்து நின்றால்தான் சரியான அளவைக் காட்டும். படுத்தால் அது காட்டுவது எதுவும் கணக்கில்லை. கூடவே, ஆக்சிஜனை ஈரப்படுத்தக் கீழே மாட்டியிருக்கும் பாட்டிலின் தண்ணீர் குழாய்க்குள் ஏறி மூக்குக்கே போய்விடும். டிராலியில் நிமிர்த்திப் பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

இப்போது மதுரைப் பயணம். நம் ஊரில் அதிகம் புழங்கும் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு, தண்ணீர் ஊற்றி அளந்தால், 10 லிட்டர். முள் 150 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டினால் 10 x 150, அதாவது 1500 லிட்டர் ஆக்சிஜன். 75 காட்டினால் 750. அப்பாவுக்கு நிமிஷத்துக்கு 4 லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 960 லிட்டர் வேண்டும். டோல்கேட் நெரிசல், பஞ்சர், அங்கே போய்ப் படுக்கை கிடைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு கையில் இருக்க வேண்டும். ஆகவே முழுதாக நிரம்பிய இரண்டு பி டைப், அல்லது வண்டியிலேயே பொருத்திய 7000 லிட்டர் டி டைப்.

"ஃபுல்லா இருக்கு சார்" என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்வதை ஏற்காதீர்கள், வால்வைத் திறந்து முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவமனை வாசலில் கமிஷனுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பவர்களிடம் இன்னும் கவனம். ஆக்சிஜன் சார்ஜ் என்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 2020 செப்டம்பரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சிலிண்டர் ஆக்சிஜனுக்கு விதித்த உச்சவரம்பு கனமீட்டருக்கு 25 ரூபாய் 71 காசு. வரியும் வண்டிச் செலவும் நீங்கலாகக் கணக்குப் போட்டால் ஒரு பி டைப்பில் இருக்கும் காற்று 40 ரூபாய்கூட வராது. மிச்சமெல்லாம் வாடகை, கூலி, லாபம். நியாயமான வாடகையைக் கொடுங்கள், ஆனால் புறப்படும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

வெளியே சிலிண்டர் வாங்கச் சொன்னால், கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் மட்டும் போதாது. பெயின்ட் யாரும் அடிக்கலாம். 2021 மே மாதம் டெல்லியில் தீயணைப்பு சிலிண்டரை ஆக்சிஜன் என்று விற்றவர்களைப் போலீஸ் பிடித்தது. தோளில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியையும் உரிமம் உள்ள நிரப்பு நிலையத்தின் பில்லையும் கேளுங்கள்.

எம்ஆர்ஐ அறை வேறு விஷயம். அங்கே இரும்புச் சிலிண்டர் வாசலைத் தாண்டவே கூடாது. ஸ்கேன் நடக்காதபோதும் அந்த எந்திரத்தின் காந்தம் உயிரோடுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஒருவர் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரிழந்தார். அலுமினியச் சிலிண்டர் என்றால் போகலாமா? போகலாம், எம்ஆர்ஐக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால். ஆனால் அதில் மாட்டிய ரெகுலேட்டரும் அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும். டிராலியும் இரும்பாக இருக்கக் கூடாது. இடுப்பில் சொருகிய சாவிகூட இழுபடும். எது எந்த உலோகம் என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது, வார்டு ஊழியராலும் முடியாது. எனவே எம்ஆர்ஐ டெக்னீஷியன் தன் கையால் வாங்கிக்கொண்டால் தவிர, நீங்கள் தூக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் தூக்காதீர்கள்.

அப்புறம் எண்ணெய். இறுகிய வால்வில் தேங்காய் எண்ணெய் விடப்போன ஊழியரின் கையை நான் ஒருமுறை பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் குப்பென்று தீப்பிடிக்கும். அப்பாவின் காய்ந்த உதட்டுக்கும் வாசலின் வேண்டாம். தண்ணீர் கலந்து செய்த களிம்பை நர்ஸிடம் கேளுங்கள்.

கிளம்பும் நாளில், வார்டில் இருக்கும்போதே ஆம்புலன்ஸ் சிலிண்டரை மாட்டச் சொல்லி, விரலில் ஆக்சிமீட்டரோடு கால் மணி நேரம் பாருங்கள். எண் இறங்காமல் இருந்தால், சுவர்க் குழாயைப் பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் அந்த இடத்திலிருந்து ஸ்ட்ரெச்சரை நகர்த்தலாம்.