மிச்சம் வரும் டிபன் டப்பாவும் சில கேள்விகளும்

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் காலையில் எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறாள். ஹெல்த் டிரிங்க் கலந்த பால் மட்டும் போதுமா டாக்டர்?

போதாதும்மா. அந்த டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது, அதனால்தான் 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்கச் சொன்னது மத்திய அரசு. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்கு எப்படிப் பசிக்கும்? இந்த வயதில் 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம், ஒரே ஒரு இட்லியில் ஆரம்பித்தாலும் சரிதான்.

கேள்வி: முட்டை தினமும் கொடுத்தால் சூடு என்கிறார் மாமியார்.

தாராளமாகக் கொடுங்கள், வெயில் காலத்திலும். சத்துணவிலேயே பள்ளி நாட்களில் முட்டை தருகிறார்கள். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு மட்டும் கூடாது.

கேள்வி: டிபன் டப்பா தினமும் பாதி மிச்சம் வருகிறது. அடம்தானே?

எல்லாமே அடம் இல்லை. என்னிடம் வந்த ஒரு பையனிடம் வீட்டிலிருந்து கொண்டு வந்த எவர்சில்வர் டப்பாவையே கொடுத்துத் திறக்கச் சொன்னேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டு முக்கிப் பார்த்தான், மூடி அசையவில்லை. தினமும் மிஸ் வந்து திறந்துவிடுவதற்குள் பாதி நேரம் போய்விடுமாம். அம்மாவுக்கு இது அன்றுதான் தெரியும்! அதோடு மதியத்துக்குள் காய்ந்துபோகிற சப்பாத்தி, உரிக்கத் தெரியாத ஆரஞ்சு இதெல்லாம் வேண்டாம். எண்ணெய் தடவிய பொடி இட்லி, சுண்டல், எலுமிச்சை சாதம் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே அந்த டப்பாவில் சாப்பிட வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அபார்ட்மெண்டில் இருக்கிறோம். உடற்பயிற்சிக்கு வகுப்பில் சேர்க்கட்டுமா?

பிடித்தால் சேருங்கள், கட்டாயமில்லை. 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொட்டைமாடியில் பாண்டி, ஸ்கிப்பிங், மாடிப்படி ஓட்டம் எல்லாமே கணக்கில் சேரும், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் தவறில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறாரா என்றும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.