சிம்பல் டேபிள் ஏன் திணறுகிறது? சி மொழி கேள்வி பதில்

வணக்கம் சார். சின்ன கம்பைலர் ஒன்று எழுதுகிறேன். நிரலில் வரும் பெயர்களைச் சேர்த்து வைக்கும் சிம்பல் டேபிளுக்கு, 5381-இல் தொடங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் 33-ஆல் பெருக்கிக் கூட்டும் ஹாஷ் (பெயரை எண்ணாக்கும் கணக்கு), 1024 பக்கெட் (அந்த எண்ணின்படி பெயர்களைப் போடும் பெட்டி). ஐம்பதாயிரம் பெயர் வந்தால் தேடல் படுத்துவிடுகிறது. வேறு ஹாஷுக்கு மாறட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். 1024 பக்கெட்டில் 50,000 பெயர் என்றால் ஒன்றில் சராசரியாக 49. எந்த ஹாஷ் போட்டாலும் அந்த வரிசையை நடந்தே ஆக வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் டேபிளை இரட்டிப்பாக்குங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பெயரோடும் அதன் முழு 32 பிட் ஹாஷையும் நீளத்தையும் சேர்த்து வையுங்கள். தேடும்போது முதலில் ஹாஷை ஒப்பிடுங்கள். பொருந்தாத பெயர்களில் ஏறக்குறைய எல்லாமே அங்கேயே கழன்றுவிடும். டேபிள் வளரும்போதும் பெயர்களைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசியில் செய்யும் எழுத்துக்கு எழுத்து ஒப்பீட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெரிய ஏ (கணினியில் அதன் எண் 65), சின்ன பி (98): 65×33+98 = 2243. பெரிய பி (66), பெரிய ஏ: 66×33+65, அதுவும் 2243. இரண்டு எழுத்துப் பெயரிலேயே மோதல் வருகிறது.

பக்கெட் எண்ணுக்கு வகுத்தல் மெதுவாக இருக்கிறதென்று மற்ற பிட்டுகளை மறைத்து, அடிப்பிட்டுகளை மட்டும் மாஸ்க் செய்து எடுக்கிறேன். தவறா?

இந்த ஹாஷோடு சேர்ந்தால் ஆபத்து. 33-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் கடைசி 5 பிட்டில் பெருக்கலுக்கு வேலையே இல்லை; வெறும் எழுத்துக் கூட்டல்தான் மிஞ்சும். 32 பக்கெட் டேபிளில் ஒரே எழுத்துகளை எப்படி மாற்றிப் போட்டாலும் அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே பக்கெட்டில் விழும். பெரிய டேபிளிலும் இந்தப் பலவீனத்தின் சாயல் தொடரும். ஹாஷை முடித்ததும் 2654435769-ஆல் ஒருமுறை பெருக்கி, 32 பிட்டில் மேல் பிட்டுகளை எடுங்கள். 1024 பக்கெட் என்றால் 22 இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். ஒரு பெருக்கல், ஒரு தள்ளல், வகுத்தலே இல்லை.

அண்ணா, 33-ஆல் பெருக்காமல் 5 இடம் தள்ளிக் கூட்டினால் வேகம் கூடுமா?

அதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். லெக்ஸர் (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) பெயரைப் படிக்கும்போதே ஹாஷையும் கணக்கிடுங்கள், இரண்டாவது சுற்று மிச்சம். கேஷில் (செயலிக்கு அருகிலுள்ள வேக நினைவகம்) இல்லாத ஒரு பாயின்டரைப் பின்தொடர்ந்து மெமரிக்குப் போய்வர நூற்றுக்கணக்கான சைக்கிள் ஆகலாம். அங்கே சிக்கனம் பிடியுங்கள்.

நீளமான பெயரில் சில எழுத்துகளை மட்டும் எடுத்தால் போதாதா?

ஜாவாவின் தொடக்கப் பதிப்புகள் அப்படித்தான் செய்தன. ஒரே மாதிரி நீளும் இணைய முகவரிகள் மோதிக்கொண்டன, 1.2 பதிப்பில் எல்லா எழுத்தையும் சேர்த்தார்கள். முன்னொட்டு ஒன்றாகவே வரும் சிம்பல்களுக்கும் அதே கதிதான்.

நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லினக்ஸ் லிங்கர் எந்த ஹாஷ் பயன்படுத்துகிறது?

2006-இல் வந்த ஜிஎன்யூ ஹாஷ் பிரிவில் இருப்பது நீங்கள் எல்லோரும் எழுதும் அதே 5381, 33 தான்! வேகம் வந்தது அடுக்கிய விதத்தால். ஒரு பெயரைத் தேடும்போது பெரும்பாலான லைப்ரரிகளில் அது இருக்காது. அந்த 'இல்லை'யை ஒரு புளூம் ஃபில்டர் (சில பிட்டுகளைப் பார்த்தே 'நிச்சயம் இல்லை' என்று சொல்லும் சிறு அட்டவணை) முதலிலேயே சொல்லிவிடும். அதைத் தாண்டினாலும் சேமித்து வைத்த ஹாஷோடுதான் முதல் ஒப்பீடு. சி++ பெயர்கள் நீளமான ஒரே தொடக்கத்தோடு வருவதால் இந்த ஒப்பீடு பெரிய லாபம்.

என் மொழியில் தமிழ் மாறிப் பெயர்களை அனுமதிக்கிறேன். ஹாஷில் ஏதாவது கவனிக்கணுமா?

கட்டாயம். யூடிஎஃப்-8-இல் (யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். எல்லாமே 127-க்கு மேல். சி மொழியின் சாதா கேரக்டர் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ளது (127-க்கு மேலான பைட் எதிர்மறை எண்ணாகிவிடும்), ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. ஒரே பெயருக்கு இரண்டு கணினியில் இரண்டு ஹாஷ் வரும்; டேபிளை ஃபைலில் எழுதி வைத்தால் அங்கே தேடல் தோற்கும். குறியற்ற வகைக்கு மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 'கொ' என்பதை க-வும் ஒரே ஒகரக் குறியும் என்று எழுதலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. 'கொள்ளளவு' என்ற ஒரே மாறி இரண்டு சிம்பலாகிவிடும். பயனருக்கு 'மாறி அறிவிக்கப்படவில்லை' என்று பிழை வரும். அவர் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் கண்ணில் படாது. ஹாஷுக்கு முன்பே பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரித்து எழுதியதைச் சேர்த்து ஒரே சீராக்கும் யூனிகோடு வடிவம்) கொண்டுவந்துவிடுங்கள்.