ஒரு வாளித் தண்ணி எவ்ளோ கனம்? (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

2024 தேர்தல்லேர்ந்து எனக்கு அமெரிக்க அரசியல் மேல ஒரு வெறியே வந்துடுச்சு. டிரம்ப் பத்தி நாலு புக் வாங்கினேன், ரெண்டு முடிச்சேன், இப்ப யோசிச்சா ஒண்ணுமே ஞாபகம் இல்ல. டோக்வில்லோட 'அமெரிக்காவில் ஜனநாயகம்' சுருக்கத்தை யூட்யூப்ல 15 நிமிஷத்துல கேட்டு முடிச்சுட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்துதான் படிப்பு, இங்கிலீஷ் மெதுவாதான் ஓடுது, ஒரு மணி நேரத்துக்கு பத்து பக்கம் தாண்டல, வெக்கமா இருக்கு. பத்து புக் லிஸ்ட் குடுங்க சார். அங்க ஜனநாயகம் செத்துட்டு இருக்கா இல்லையா, அதையும் சொல்லுங்க.

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருந்தார்)

அன்புள்ள தம்பி,

மொதல்ல அந்த வெக்கத்தைத் தூக்கிப் போடுங்க. ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வந்து கண்ணு எரிய எரிய பத்து பக்கம் படிக்கிறீங்க, இதுல வெக்கப்பட என்ன இருக்கு? உங்க கடிதத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரியே அதுதான். மெதுவா படிக்கிறவங்களுக்கே பிடிபடுற புக்குன்னு சிலது இருக்கு, அப்படி ஒண்ணைத்தான் கொஞ்ச நாளா திரும்ப எடுத்துப் படிச்சிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்துச்சு.

லிஸ்ட் கிடையாது. குடுத்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குவீங்க, அதோட சரி.

டிரம்ப் புக் ஞாபகம் இல்லாதது உங்க தப்பே இல்ல. வெள்ளை மாளிகையில யார் யார் மேல கத்தினாங்க, எந்த மீட்டிங்ல யாரு மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, யாரை எப்ப வேலையை விட்டுத் தூக்கினாங்க, இதையே முன்னூறு பக்கத்துக்கு எழுதினா மனசுல எங்க தங்கும்? தலைவர் இருக்கார், ஆலோசகர்கள் இருக்காங்க, ஓட்டு போட்ட மனுஷன் ஒருத்தரைக் காணோம்.

ஆனா டோக்வில் விஷயத்துல உங்க மேல நிஜமாவே கோவம். அந்த பிரெஞ்சுக்காரர் 1831 மே மாசம் அமெரிக்காவுல வந்து இறங்கினப்ப வயசு 25. பிரான்ஸ் அரசாங்கத்துக்காக ஜெயிலுங்களை ஆராயப் போறோம்னு சொல்லி, கூட்டாளி போமோன்ட்டோட ஒம்பது மாசம் சுத்தினார், அப்புறம் 1835லயும் 1840லயும் ரெண்டு பாகமா எழுதினார். உங்க 15 நிமிஷத்துல 'பெரும்பான்மையின் கொடுங்கோன்மை'ன்னு ஒரு வரியைக் காதுல போட்டு அனுப்பியிருப்பாங்க. மெம்பிஸ் ஊரு ஆத்தங்கரையில அவர் நின்னு பாத்ததைச் சொன்னாங்களா? அந்த வருஷக் கடைசி, கடுங்குளிர், மிசிசிப்பி ஆத்துல ஐஸ் பாளம் பாளமா மிதக்குது, சொந்த மண்ணை விட்டுத் துரத்தின சாக்டா பழங்குடி ஜனங்க நோயாளி, பச்சைக் குழந்தை, சாகக் கிடக்கிற கெழவங்களோட படகுல ஏறுறாங்க, ஒரு அழுகை சத்தம் இல்ல. அவங்க நாய்ங்க கரையிலயே நிக்குது, தங்களை விட்டுட்டுப் போறாங்கன்னு தெரிஞ்ச நிமிஷம் ஊளையிட்டுக்கிட்டே அந்த ஐஸ் தண்ணியில குதிச்சு படகு பின்னால நீந்துதுங்க. ஜனநாயகத்தை மெச்சி எழுதின அதே புக்குலதான் இதுவும் இருக்கு. சுருக்கத்துல மொதல்ல வெட்டுறது இந்த மாதிரி பக்கத்தைத்தான், இதை விட்டுட்டு அந்த புக்ல மிச்சம் என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டீங்க?

போய் நின்னு பாத்தவங்க எழுதினதைப் படிங்கன்னுதான் சொல்ல வர்றேன். நான் திரும்பப் படிச்சிட்டு இருக்கறது ராபர்ட் கேரோங்கற அமெரிக்க எழுத்தாளரை. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாழ்க்கையை எழுத ஆரம்பிச்சு 1982, 1990, 2002, 2012ன்னு நாலு பாகம் வந்திருக்கு. மொதல் பாகம் 'தி பாத் டு பவர்'. ஜான்சன் பொறந்து வளந்த டெக்சாஸ் மலைக்காட்டு ஜனங்க நியூயார்க்லேர்ந்து வர்ற ஆளுகிட்ட வாயே தெறக்கல. இங்கேயே வந்து குடியிருந்தாதான் ஆகும்னு கேரோ பொண்டாட்டி ஐனாகிட்ட சொல்றார், அந்தம்மா நீங்க நெப்போலியனைப் பத்தி எழுதக்கூடாதான்னு கேட்டுட்டு, கூடவே மூட்டை கட்டிட்டாங்க. அத்திப்பழ ஜாம் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பண்ணை வீட்டுப் பொம்பளைங்களோட பழகினதும் அவங்கதான்.

அப்படிப் பழகின அப்புறம்தான் ஒரு வயசான அம்மா கேரோவைப் பாத்து, நீ டவுன் பையன், ஒரு வாளித் தண்ணி எவ்ளோ கனம்னு உனக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க. பழைய வாளியையும் இத்துப்போன கயித்தையும் எடுத்துட்டு வந்து, கெணத்து மூடியைத் தள்ளி, இழுத்துப் பாருன்னு கையில குடுக்கறாங்க. இழுத்துப் பாத்தார். 'தி சேட் அயன்ஸ்'னு ஒரு அத்தியாயம் அதுலேர்ந்து வந்ததுதான். கரண்ட் இல்லாத அந்தப் பண்ணைகள்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 காலன் (ஏறக்குறைய 750 லிட்டர்) தண்ணி வேணும், பெரும்பாலும் பொம்பளைங்கதான் இழுத்துச் சுமக்கணும். கோடையில விறகடுப்புல 'சேட் அயன்'னு சொல்ற கனத்த இஸ்திரிப் பெட்டியைக் காய வச்சு காய வச்சு இஸ்திரி போடணும். என் தோள் கூனிப்போனதைப் பாருங்கன்னு அந்தப் பொம்பளைங்க காட்டுறாங்க. தண்ணி தூக்கித் தூக்கி சின்ன வயசுலயே வளைஞ்ச தோள்.

எங்க அம்மா கெணத்துத் தண்ணி இழுத்தவங்க. அவங்களுக்கு அமெரிக்கான்னா எங்க சித்தி பையன் இருக்கற ஊரு, அவ்ளோதான். இந்த அத்தியாயத்தைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், பாதியில நிறுத்தி, "அந்தக் கெணத்துக்கு ராட்டினம் உண்டா, வெறுங்கையில இழுத்தாங்களா?"ன்னாங்க. அப்புறம் எந்தத் தோள் எறங்கியிருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குக் கேக்கத் தோணாத கேள்வி அது. ஜான்சன் எந்தக் கட்சின்னு கடைசி வரைக்கும் கேக்கல.

சரி, ஜனநாயகம். ஒரு மைலுக்கு மூணு வீடாவது இருந்தாத்தான் கரண்ட் லைன் இழுப்போம்னு அரசாங்க ரூல். மலைக்காட்டுல அவ்ளோ வீடு ஏது? 1937ல எம்பி ஆன ஜான்சன் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரைக்கும் போய் அந்த ரூலைத் தளர்த்தி லைட்டு கொண்டு வந்தார், அந்தத் தோளெல்லாம் நிமிந்துச்சு. அதே ஜான்சன் 1948ல செனட் சீட்டுக்குக் கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்ல ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டுல 87 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். ஆலிஸ்னு ஒரு ஊர்ல 13ஆம் நம்பர் பெட்டி, ஓட்டுப்பதிவு முடிஞ்சு ஆறு நாள் கழிச்சு அங்க ஓட்டு போட்டவங்க பட்டியல்ல புதுசா 202 பேர், ஒரே கையெழுத்து, ஒரே இங்க், அதுவும் அகர வரிசையில! அந்த பூத் அதிகாரியைக் கேரோ தேடிப் பிடிச்சு அவர் வாயாலயே வாங்கி ரெண்டாம் பாகத்துல எழுதினார். மூணாம் பாகம் தொறந்ததும் 1957, அலபாமாவுல ஒரு கறுப்பினப் பெண்மணி ஓட்டுரிமைக்குப் பதியப் போறாங்க, கேள்வி மேல கேள்வி கேட்டு, இன்னும் படிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்பறாங்க. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குள்ள நுழைஞ்ச நாள்லேர்ந்து 20 வருஷம் சிவில் உரிமை மசோதா ஒவ்வொண்ணையும் எதிர்த்தே ஓட்டு போட்ட ஜான்சன்தான் 1965 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டத்துல கையெழுத்து போட்டார். 2013ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தோட முதுகெலும்பையே உருவிடுச்சு.

செத்துட்டு இருக்கா இல்லையான்னு என்கிட்ட கேட்டீங்கன்னா நான் ஜோசியம் சொல்றதில்ல. 'ஹவ் டெமாக்ரசீஸ் டை'ன்னு 2018ல ரெண்டு பேராசிரியருங்க எழுதினது இருக்கு, தெளிவான புக்கு, வேணும்னா பாருங்க. ஆனா செத்துச்சா பொழைச்சுச்சான்னு ஸ்கோர் கேக்கற மனசோட எதையும் படிக்காதீங்க தம்பி, அந்த மனசுக்குத்தான் டிரம்ப் புக்கு விக்கிறாங்க. லைட்டு குடுத்தவனே ஓட்டைத் திருடினான், திருடினவனே ஓட்டு குடுத்தான், குடுத்ததைக் கோர்ட்டு பாதி எடுத்துடுச்சு. இதையெல்லாம் கேரோ தன் வாழ்க்கை முழுக்கப் பின்னாலயே போய்ப் பாத்து எழுதியிருக்கார், நாம ஒரு நாளைக்கு பத்து பக்கம்னு படிக்கக்கூடாதா?

மொதல் பாகம் 700 பக்கத்துக்கு மேல போகும், பயந்துடாதீங்க. கரண்ட் இல்லாத அந்த வீடுங்களைப் பத்தின அத்தியாயத்தை மட்டும் மொதல்ல எடுங்க, உங்க வேகத்துக்கு ரெண்டு மூணு ராத்திரியில முடிஞ்சிடும். புரியாத இடத்துல பென்சில்ல கோடு போட்டு பக்க நம்பரை எனக்கு மெயில் பண்ணுங்க, ஒவ்வொண்ணா எழுதி அனுப்பறேன். சுருக்கம் எதுவும் கேக்காதீங்க.