இருபத்தொன்றாவது வளைவு

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஒரு குடும்பம் காரில் ஏற்காடு போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்தபிறகு இருபத்தொன்றாவதாக ஒன்று வருகிறது. அதில் திரும்பினால் வேறொரு சேலம். இப்படி ஏழு உலகங்கள், இதுதான் என் நாவல். கதைச்சுருக்கமும் மூன்று அத்தியாயங்களும் இணைத்திருக்கிறேன். நான் தரும் குவாண்டம் விளக்கம் அறிவியல்படி சரியா? எழுநூறு பக்கம் வரும்போலிருக்கிறது, பதிப்பாளர்கள் ஏற்பார்களா?

*

அன்புள்ள தம்பி,

எழுநூறு பக்கத்தை முதலில் எழுதி முடியுங்கள், பதிப்பாளர் கவலையை அப்புறம் படலாம்.

அறிவியல் சரியில்லை. ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர் 1957இல் சொன்னபடி பார்த்தால், ஒரு குவாண்டம் அளவீட்டில், அதாவது அணுவளவு நுண்துகளை அளந்து பார்ப்பதில், நடக்கக்கூடிய எல்லா முடிவுகளும் நடக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையாகப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த கிளைகளுக்கு நடுவே போக்குவரத்து கிடையாது, ஒரு தபால்கார்டுகூடப் போகாது. ஆக, நீங்கள் எதை வைத்து அனுப்பினாலும் பொய்தான். பொய்க்கு எதற்குப் பன்னிரண்டு பக்க விளக்கம்? வளைவு வருகிறது, கார் திரும்புகிறது, போதும். அந்த வளைவு அருமை, அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அப்பா ஓர் உலகத்தில் குமாஸ்தா, இன்னொன்றில் மந்திரி, மற்றொன்றில் தறிக்காரர். பையன் விமானம் ஓட்டுகிறான். அம்மா? ஏழு உலகத்திலும் புளிசாதம் கட்டுகிறாள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஏழு. சூரியன் மேற்கே உதிக்கிற நான்காம் உலகத்தில்கூட அதே தூக்கு, அதே புளிசாதம், "சாப்பிட்டுப் போங்கடா" என்று அதே ஒரு வசனம். மேட்டூர் அணையே கட்டாத ஐந்தாம் உலகம் என்று ஒன்றை யோசிக்கத் தெரிந்த ஆளுக்கு இந்தப் பொம்பளை அடுப்படியில் நின்று என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசிக்க முடியவில்லையா?

அந்த ஐந்தாம் உலகம் எனக்குத் தெரியும் தம்பி. என் பாட்டி பாதி நாள் அங்கேதான் இருப்பாள். 1934இல் அணை முடிந்து தண்ணீர் ஏறியபோது அவளுக்குப் பத்து வயது. ஊர் முழுகிப்போக, இவர்கள் சேலம் பக்கம் வந்தார்கள், தாய்மாமன் குடும்பம் அக்கரையில் கரையேறியது. மாமன் மகனுக்கென்று பேசி வைத்திருந்த பேச்சு அதோடு போயிற்று. வெங்காயம் உரித்துக்கொண்டே திடீரென்று ஆரம்பிப்பாள்: "அவனக் கட்டியிருந்தா மூத்தது பொண்ணு. அவங்கப்பன் சாடை, கருப்பா இருப்பா. ரெண்டாவது பையன், தங்கல." கற்பனையில் பெறுகிற பிள்ளையை ஏன் சாகக் கொடுக்கிறீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "அந்தக் காலத்துல எல்லாம் தங்குமா கண்ணு?" என்று பாட்டி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். திண்ணையிலிருந்து தாத்தா, "அந்தப் பயலுக்காச்சும் உப்பு அளவாப் போட்டியா?" என்பார்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கோடையில் அணை நன்றாக வற்றி, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்துக் கோபுரமும் வெளியே தெரிகின்றன என்று கேள்விப்பட்டு, அப்பா எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். வெடித்த சேற்றில் ஓடி நாங்கள் நந்தியைச் சுற்றிக்கொண்டிருக்க, பாட்டி பரிசல்காரரிடம் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அவர் தண்ணீரைக் காட்டினார். "அது பள்ளம் ஆத்தா. இன்னும் நெறைய எறங்கணும்."

கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவரிடமே பேரம் பேசி ரெண்டு கிலோ மீன் வாங்கினாள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து செதில் உரசும்போது, யாரும் கேட்காமலே, "அவனுக்கு மீனு ஆகாது" என்றாள்.

அன்றைக்குத் தாத்தா ரெண்டு துண்டு கூடுதலாகவே சாப்பிட்டார்.