குழந்தை ஏன் அழுதாள்?

கேள்வி: அண்ணன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நல்ல கடையில் ஒரு பருத்தி ஃபிராக் வாங்கினேன். என் எம்ப்ராய்டரி மெஷினில் நெஞ்சுப் பக்கம் மயில், கீழே அவள் பெயர், கழுத்திலும் கைவளைவிலும் ஜரி நூலில் கொடி என்று மூன்று இரவு உட்கார்ந்து போட்டேன். சுடிதார் டாப்புக்கு வைத்திருந்த பெரிய மயில் டிசைனைச் சுருக்கி, ஏழு கலரில் போட்டது. கேக் வெட்டும்போது ஃபிராக்கைப் போட்டார்கள். குழந்தை அழுதுகொண்டே இருந்ததால் கழற்றிவிட்டு, அண்ணியின் அம்மா கொண்டுவந்த சாதாரண கவுனை மாட்டினார்கள். போட்டோ எல்லாம் அதில்தான். நான் வருத்தப்பட்டதற்கு அண்ணி, “கடையில வாங்கினதுதானே, பூவும் மெஷின்தானே போட்டுச்சு” என்றார். கையால் செய்த பரிசுக்கு இவ்வளவுதான் மதிப்பா? அடுத்த மாதம் காதுகுத்து. போகவே மனமில்லை. போனாலும் கவரில் பணம் வைத்துக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.
– ஈரோடு வாசகி

பதில்: மயிலுக்கு ஏழு கலர் என்பது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மூன்று இரவு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, அண்ணி சொன்னது வார்த்தை மாறாமல் இருக்கிறது. நடுவில் “குழந்தை அழுதுகொண்டே இருந்ததால்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டீர்கள். ஏன் அழுதாள்? பசியா, தூக்கமா, கூட்டத்தைப் பார்த்த பயமா? கேட்டீர்களா? கழற்றியதும் அழுகை நின்றதா? நெஞ்சில், கழுத்தில் சிவந்திருந்ததா? ஒன்றும் எழுதவில்லை. கவனித்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன். அந்த ஃபிராக்கைத் திருப்பி, மயிலின் பின்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். பெரிய டிசைனைச் சுருக்கினால் படம் மட்டும்தான் சின்னதாகிறது. மெஷினோ சாஃப்ட்வேரோ தையல் எண்ணிக்கையைச் சேர்த்துக் குறைக்காவிட்டால், அத்தனை தையலும் பாதி இடத்தில் வந்து குவியும். துணி அட்டை மாதிரி விறைத்துப் போகும். அதற்குப் பின்னால் பாபின் நூலின், அதாவது அடி நூலின், முடிச்சுகள், வெட்டாமல் விட்ட நூல் வால்கள், துணிக்கு அடியில் தாங்கலாக வைத்துத் தைத்துக் கத்தரித்த பேக்கிங் (backing) பேப்பரின் கூர் முனைகள். இது போதாதென்று கழுத்திலும் அக்குளிலும் ஜரி நூல்! பெரியவர்களுக்கே ஜாக்கெட் கையில் ஜரி அறுக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் கழுத்து மடிப்பில், மண்டபத்துப் புழுக்கத்தில், வியர்வையோடு அது என்ன செய்யும் என்று மூன்று இரவில் ஒருமுறைகூட யோசிக்கவில்லையா?

கடைத்துணி என்பது குறையே இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் தறி நெய்வதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை விலைக்கு வாங்கி, இழையை எண்ணி எண்ணி அதில்தான் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. மெஷினும் குறை இல்லை. தையல்காரர் மெஷினில் தைத்த ஜாக்கெட்டைக் கைவேலை இல்லை என்று யாராவது திருப்பிக் கொடுக்கிறோமா? ஆக அண்ணி சொன்னது தவறுதான். ஆனால் அவர் எந்த நேரத்தில் சொன்னார்? வீடு நிறைய விருந்தாளிகள், இடுப்பில் வீறிட்டு அழுது ஓய்ந்த பிள்ளை, அப்போது நாத்தனார் வந்து “என் ஃபிராக்கை ஏன் கழற்றினீங்க” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார். இதைவிடக் காரமாகச் சொல்லாமல் விட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது போல நிறையக் கடிதம் வருகிறது. பரிசு கொடுத்தவர்தான் எழுதுவார். வாங்கியவர் அதில் ஒரு மூலையில் இருப்பார். உங்கள் மயில் யார் பார்ப்பதற்காக? குழந்தைக்கு மயிலும் தெரியாது, அதன் கீழே எழுதியிருக்கும் தன் பெயரும் தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம் உள்பக்கம் மட்டும்தான். நீங்கள் மெனக்கெட்டதெல்லாம் வெளிப்பக்கத்தில்.

இப்போதும் கெட்டுப்போகவில்லை. ஃபிராக்கை வாங்கி வாருங்கள். ஜரிக் கொடியை முழுக்கப் பிரித்துவிடுங்கள். பின்பக்கத்து பாபின் நூலைத் தையல் பிரிக்கும் கத்தியால் அங்கங்கே அறுத்தால், மேல் நூல் முன்பக்கமாகச் சுலபமாக வந்துவிடும். மயிலைச் சுற்றிப் பேக்கிங்கை முனையில்லாமல் வளைவாக வெட்டி, நூல் வால்களை ஒட்ட நறுக்குங்கள். அப்புறம் துவைத்து மென்மையான மல் துணியை மயிலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பின்னால் வைத்துக் கையால் தையுங்கள். அயர்ன் செய்து ஒட்டுகிற மிருதுவான துணியும் இதற்கென்றே கிடைக்கிறது. அதன் பிறகும் விறைப்பாக இருந்தால் மயிலுக்காக அழ வேண்டாம், அதையும் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது காதுகுத்து. இதில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஒரு ஃபிராக்குக்காக அண்ணன் மகளின் காதுகுத்துக்குப் போகாமல் இருப்பீர்களா? தாய்மாமனுக்கு அங்கே மடி இருக்கிறது, சடங்கே அவரை நடுவில் உட்காரவைத்துவிடுகிறது. அத்தைக்கு அப்படி ஓர் இடம் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. வந்து போய், தூக்கி வளர்த்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். நான் பழைய காலத்து மனுஷிதான், இருந்தாலும் சொல்கிறேன்: கவரில் பணம் வைப்பது தெருக்காரர்கள் செய்வது. நாளைக்கு உங்கள் அண்ணனோடு உங்களுக்கு ஒரு மனத்தாங்கல் வந்தால், “அத்தை எங்கே” என்று கேட்டு அதைத் தீர்த்துவைக்கப் போவது இந்தப் பெண்தான்.

சரி, என்ன கொடுப்பது? தலைவழியாக மாட்டும் உடுப்பு வேண்டவே வேண்டாம். குத்திய காது புண்ணாக இருக்கும், கழற்றும்போது தோடு மாட்டினால் உயிர் போகும். முன்னால் முழுக்கத் திறக்கிற, பொத்தான் வைத்த பருத்திச் சட்டையாக இரண்டு வாங்குங்கள். கழுத்தைச் சுற்றி நெட்டும் கொசுவமும் இருக்கக் கூடாது. பூ போடும் முன் துவைத்துக் காயவையுங்கள். பருத்தி பிறகு சுருங்கினால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். மெஷினுக்கு 75/11 அளவு ஊசி போதும். எம்ப்ராய்டரி கீழ் ஓரத்தில் மட்டும், அடர்த்தி இல்லாத கோட்டு டிசைனாக, இரண்டு கலருக்கு மேல் போகாமல். மணியும் சமிக்கியும் கூடாது, இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். லைனிங் இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் பிரித்து, மேல் துணியை மட்டும் ஃபிரேமில் மாட்டிப் போட்டுவிட்டுத் திரும்ப மூடிவிடுங்கள். உள்ளே ஒரு நூல்கூடத் தட்டுப்படாது.

அளவை நீங்களாகக் கணக்குப் போடாமல் அண்ணியிடம் கேளுங்கள். எந்தத் துணி குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறது, எது அரிக்கிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பிறந்தநாள் பேச்சை எடுக்காதீர்கள். அவராக எடுத்தால், “ஜரி குத்தியிருக்கும் அண்ணி, நான் கவனிக்கலை” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். முதலில் ஒரு போன் செய்துவிடுங்கள், குழந்தை தூங்குகிற நேரத்தில் போய்க் காலிங் பெல்லை அடிக்காதீர்கள்.