குச்சி நடையும் கொக்குச் சத்தமும்

(வாசகர் கேள்விகளுக்குப் பின்லாந்தின் எஸ்போ நகரிலிருந்து நம் கட்டுரையாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகன் எஸ்போவில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் நடுவில் போய் இரண்டு மாதம் இருக்கப்போகிறேன். மருமகள் எனக்கென்று நோர்டிக் வாக்கிங் குச்சி, அதாவது இரண்டு கையிலும் ஊன்றி நடக்கும் குச்சி, ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறாளாம். எனக்கோ பறவை பார்க்கத்தான் ஆசை. டக் டக்கென்று தட்டிக்கொண்டு போனால் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்? அறுபது வயதுக்கு மேல் இது தேவையா?
- வாசகி, திருச்சி

பதில்: தேவைதான் அம்மா. முதலில் கூச்சத்தை விடுங்கள். இங்கே குச்சியோடு நடப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள்தான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத மாதங்களில் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்கக் குச்சியோடு நடந்ததுதான் இதன் ஆரம்பம். 1997-இல் எக்செல் என்ற பின்லாந்து கம்பெனி இதற்கென்றே குச்சி செய்து விற்க ஆரம்பித்ததும் ஊரே பிடித்துக்கொண்டது.

அந்த டக் டக் சத்தம் முனையிலுள்ள உலோக ஊசியால் வருவது. ஊசி மண்பாதைக்கு. தார் ரோட்டுக்கும் பலகைப் பாதைக்கும் கூடவே தரும் ரப்பர் முனையை மாட்டிக்கொள்ளுங்கள், சத்தம் அடங்கிவிடும். குச்சியின் நீளம் உங்கள் உயரத்தில் 0.68 பங்கு. 155 செ.மீ. உயரமென்றால் சுமார் 105. இடது கால் முன்னே போகும்போது வலது கை போக வேண்டும். நிறையப் பேர் குச்சியை முன்னால் நட்டு அதன்மேல் சாய்கிறார்கள். அப்படிச் செய்தால் அது வெறும் ஊன்றுகோல். காலுக்குப் பக்கத்தில் சாய்வாக ஊன்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள். கை இடுப்பைத் தாண்டியதும் விரல்களை விரித்துவிடலாம். கையில் மாட்டியிருக்கும் பட்டை குச்சியை விடாது.

சரி, பறவைக்கு வருவோம். நடக்கும்போது நடை, நிற்கும்போது பறவை. இரண்டையும் கலந்தால் இரண்டும் போச்சு. நான் லாயலஹ்தி விரிகுடாப் பக்கம் போனால், பறவை பார்க்கும் கோபுரம் வரை வேர்க்க வேர்க்க நடப்பேன். அப்புறம் குச்சியைத் தொடவே மாட்டேன். வழியில் பெஞ்சு இருந்தால் இன்னொரு வசதி: உட்கார்ந்து, இரண்டு குச்சிகளையும் சேர்த்துக் கால்களுக்கு நடுவே ஊன்றி, பிடிமேல் கைகளை வையுங்கள். பைனாகுலர் சரியாகக் கண் மட்டத்துக்கு வரும், நடுங்காது. பொத்தானை அழுத்தினால் பட்டை தனியாகக் கழன்று வரும் வகையா என்று மருமகளிடம் கேளுங்கள். அது இல்லையென்றால், பட்டையை அவிழ்ப்பதற்குள் பறவை அடுத்த ஊர் போய்விடும்.

கடற்கரைப் பூங்காக்களில் பைனாகுலரே வேண்டாம். வெள்ளைக் கன்னமும் கறுத்த கழுத்துமாகப் பெரிய வாத்துகள் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும். மே மாதம் முட்டையிட்டு அடைகாக்கும்போது மட்டும் கழுத்தை நீட்டிச் சீறும். தப்பித்தவறியும் குச்சியை ஓங்காதீர்கள், சுற்றிப் போய்விடுங்கள்.

கேள்வி: பின்லாந்தில் வசந்தம் எப்போது? எந்த மாதம் போனால் நிறையப் பார்க்கலாம்?
- வாசகர், கோவை

பதில்: இந்த ஊரில் ஒரு பழம்பாட்டு உண்டு. வானம்பாடி வந்தால் கோடைக்கு ஒரு மாதம், பெய்ப்போ குருவி வந்தால் அரை மாதம், வாலாட்டி வந்தால் இன்னும் கொஞ்சம், தகைவிலான் வந்துவிட்டால் ஒரு நாள்கூட இல்லையாம். தகைவிலான் நம்மூர் வயல்களிலும் குளிர்காலத்தில் பறக்கும் அதே இனம்தான். ஆனால் பின்லாந்துத் தகைவிலான்கள் குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன.

என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே முதல் இரண்டு வாரமும். மரத்தில் இலையே இருக்காது, மொட்டை மொட்டையாக நிற்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் இதுவா வசந்தம் என்று முகம் சுளிப்பார்கள். பறவை ஒளிய இடமில்லாத நாட்கள் அவைதான்! வயல்வெளியில் பெருங்கொக்குகள் எக்காளம் ஊதுவது வெகுதூரம் கேட்கும். தேசியப் பறவையான வெள்ளை அன்னம் ஜோடி ஜோடியாக இறங்கும். சாம்பல் நிறக் குளிர்காலச் சட்டையைக் கழற்றும் அணில், பாதி சாம்பலும் பாதி செம்மையுமாக ஓடும். காய்ந்த சருகுக்கு நடுவில் நீலப்பூ பூத்திருக்கும். எலுமிச்சை மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றும் பறக்கும். முழு வளர்ந்த பூச்சியாகவே குளிர்காலத்தைத் தாண்டுவதால், நிழலில் பனி கிடக்கும்போதே வெயில் கண்டதும் அது வெளியே வந்துவிடுகிறது.

கேள்வி: பாம்பு, பூச்சி பயம் உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விஷப்பாம்பு ஒரே ஒரு வகை. முதுகில் கோணல் கோணலாகக் கோடு இருக்கும். ஏப்ரலில் பாறைமேல் வெயில் காயும். காலடி அதிர்வு பட்டால் பெரும்பாலும் விலகிவிடும். குளிர்ந்த காலையில் மந்தமாகக் கிடக்கும் என்பதால் பார்த்துக் கால் வையுங்கள். கடித்தால் உடனே அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள்.

உண்ணிதான் எனக்குப் பெரிய கவலை. வெப்பம் 5 டிகிரியைத் தாண்டினால் அது விழித்துக்கொள்ளும். உயரமான புல்லில் இறங்காதீர்கள், பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. பல தவணையாகப் போடுவது, அதனால் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு மக்களுக்கான தடுப்பூசி இல்லை. கடித்த இடத்தில் சிவப்புத் தடிப்பு நாளாக ஆக விரிந்துகொண்டே போனால், ஊருக்குத் திரும்பியிருந்தாலும் டாக்டரிடம் பின்லாந்தில் உண்ணி கடித்ததைச் சொல்லிவிடுங்கள்.