எந்த லேசர் என்று கேளுங்கள்

கேள்வி: சொத்தைப் பல்லை அடைக்கப் போனேன், ட்ரில் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வந்துவிட்டேன். லேசர் உள்ள கிளினிக்குக்குப் போனால் ட்ரில்லே இல்லாமல் முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓடியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, கவலைப்படாதீர்கள். முடியலாம், ஆனால் அங்கே இருப்பது எந்த லேசர் என்பதைப் பொறுத்தது. வாசலில் 'லேசர் சிகிச்சை' என்று போர்டு இருக்கும், உள்ளே இருப்பது டயோடு லேசராக இருக்கும், கைக்கு அடக்கமான பெட்டி, விலையும் குறைவு. அதன் ஒளியை ரத்தத்தின் சிவப்பும் ஈறின் கறுப்பு நிறமியும் நன்றாக உறிஞ்சும், பல் உறிஞ்சாது. ஆக, ஈறை வெட்டலாம், ரத்தமும் அதிகம் வராது, ஆனால் சொத்தையைக் குடைந்து எடுக்க அதால் ஆகாது.

பல்லுக்கு வேண்டியது எர்பியம் லேசர். அதில் ஒரு வகையின் அலைநீளம் 2940 நானோமீட்டர், அந்த ஒளியைத் தண்ணீர் அப்படியே குடித்துவிடும். கல் மாதிரித் தெரிந்தாலும் பல்லுக்குள் ஈரம் உண்டு, சொத்தை பிடித்த இடத்தில் இன்னும் அதிகம். லேசர் பட்டதும் அந்த ஈரம் கண் இமைக்கும் முன் ஆவியாகி வெடித்து, சுற்றியிருப்பதைத் துகள் துகளாக வெளியே தள்ளுகிறது. ட்ரில்லின் 'கீ' சத்தம் இருக்காது, அதற்குப் பதிலாகப் பொரி வெடிக்கிற மாதிரி ஒரு பட்பட். சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தச் சூடுதான் பழைய தலைவலி: 1960-இல் முதல் லேசர் வந்த சில ஆண்டுகளிலேயே பல்லில் அடித்துப் பார்த்தார்கள், உள்ளே இருக்கும் நரம்பு வெந்துபோகும் என்ற பயத்தில் விஷயம் நகரவில்லை. பல்லைக் குடைய எர்பியம் லேசருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1997-இல்தான்.

பலருக்கு மரத்துப்போகும் ஊசி இல்லாமலே வேலை முடிகிறது, எல்லோருக்கும் அல்ல. ட்ரில்லை விட மெதுவாகத்தான் போகும். அப்புறம், பழைய வெள்ளி அடைப்பையோ உலோகக் கேப்பையோ எடுக்க வேண்டியிருந்தால் ட்ரில்தான், வேறு வழியில்லை. கருவியின் விலை டயோடை விடப் பல மடங்கு என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: பல் அடைக்கும்போது நீல வெளிச்சம் காட்டினார்களே, அது லேசர்தானே?

பதில்: இல்லை. அது எல்இடி விளக்கு, அடைப்புப் பசையை இறுக வைப்பதற்கு. அதற்கு லேசர் என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு ஈறு கறுப்பாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் லேசரில் சிவப்பாக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம், டயோடு லேசருக்கு ஏற்ற வேலைதான். மேலோட்டமாக நிறமி உள்ள படலத்தை எடுப்பார்கள், சில நாள் எரிச்சல் இருக்கும், காரம் ஆகாது. ஆனால் கறுப்பு ஈறு நோய் அல்ல, நம் ஊர் நிறம் அது, தோல் போலத்தான். எடுத்தாலும் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திரும்ப வரலாம், இதை முன்கூட்டியே சொல்லாதவரிடம் செய்ய வேண்டாம். இது மகளின் ஆசையா, மாப்பிள்ளை வீட்டார் ஆசையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தால் அது வேறு கதை, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: லேசர் பட்டால் புற்றுநோய் வருமா?

பதில்: எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல இது. இங்கே பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். டாக்டர், உதவியாளர், நீங்கள் மூவருமே அந்தந்த லேசருக்கென்று உள்ள கண்ணாடியைப் போட வேண்டும், சாதாரண கறுப்புக் கண்ணாடி போதாது. கொடுக்காமல் ஆரம்பித்தால், தஞ்சாவூர் வாசகி செய்ததைச் செய்யுங்கள்.